ஆறு பருவம் நிஜமா, மனப்பாடமா?

கேள்வி | ஆவணி 6

பருவங்களில் இறைமை தெரிகிறது என்று எழுதுகிறவர்கள் எல்லாம் பனி கொட்டும் நாட்டுக்காரர்கள். இலை சிவந்து உதிர்கிறது, எல்லாம் வெள்ளையாகிறது, மறுபடி துளிர்க்கிறது. அதைப் பார்த்தாலே தத்துவம் வந்துவிடும். தமிழ்நாட்டில் வெயில், அதைவிட வெயில், நடுவில் ஒரு புயல். இங்கே உட்கார்ந்து பருவத்தில் பொருள் தேடுவது இரவல் பக்தி இல்லையா? ஆறு பருவம் என்பது பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. வெளியே போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லுங்கள் சார். தத்துவம் வேண்டாம்.

பதில் | ஆவணி 6, இரவு

தத்துவம் வேண்டாம் என்றது நல்லது. வேலையிலிருந்து தொடங்கலாம்.

தொல்காப்பியம் ஆவணி, புரட்டாசியைக் கார் என்கிறது. பஞ்சாங்கம் சித்திரையில் தொடங்கினாலும் பருவ வரிசை காரில்தான் தொடங்கும்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆளுக்கு இரண்டு மாதம். நீங்கள் கேட்டது முதல் பருவத்தின் முதல் வாரம். தோதான நாள்.

வெளியே போய்ப் பார்த்தால் தெரியாதுதான். போய் நிற்க வேண்டும், அதுவும் ஒரே இடத்தில். மூன்று விஷயம் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள்: ஒரு மரம், கிழக்கிலோ மேற்கிலோ மறைப்பில்லாத அடிவானம், காற்று தடையில்லாமல் வரும் வெளி. மொட்டை மாடி போதும், மரம் எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்தால். மரம் வேம்பு, புங்கை, அரசு, இலுப்பை இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். நெட்டிலிங்கத்தை எடுத்தால் மூன்றே வருடத்தில் நாத்திகராகிவிடுவீர்கள். அதுவும் இலை மாற்றும், ஆனால் சட்டென்று கண்ணில் படாது.

தினம் 20 நிமிடம், ஒரே நேரத்தில். காரில் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு. முதல் எட்டுப் பத்து நிமிடம் நீங்கள் பறவையைப் பார்க்க மாட்டீர்கள், பறவைதான் உங்களைப் பார்க்கும். பெரும்பாலானவர்கள் அந்தப் பத்தாவது நிமிடத்தில் எழுந்துபோய்விட்டு "ஒன்றும் இல்லை" என்பார்கள்.

நோட்டில் ஐந்து வரி: காற்று, வானம், மரம், ஓர் உயிர், ஒரு சத்தம். ஆறாவதாக "இன்று என்ன உணர்ந்தேன்" என்று எழுதக் கை அரிக்கும். 60 நாளைக்கு எழுதாதீர்கள். பொருளை முதலில் எழுதினால் மறுநாள் அதற்குச் சாட்சி தேடுவீர்கள், கிடைத்தும்விடும். "நேற்றுப்போலவே" என்று மட்டும் எழுதும் நாள்கள் நிறைய வரும். அவற்றை விடாதீர்கள். அந்த வரிகள் இல்லையென்றால், ஒரு நாள் ஏதோ மாறியபோது மாறியது என்றே தெரியாது.

ஆவணி 7

நேற்று எழுதியதில் ஒரு பிழை. தொல்காப்பியத்தின் அகத்திணை நூற்பா மாதப் பெயர் எதையும் சொல்லவில்லை. காரும் மாலையும் முல்லைக்கு, கூதிரும் யாமமும் குறிஞ்சிக்கு என்று பருவத்தையும் பொழுதையும் கோத்துத் தருவதோடு சரி. ஆவணி, புரட்டாசி என்று மாதம் பிரித்தவர்கள் உரையாசிரியர்கள். மனப்பாடம் செய்தவர் நீங்கள் மட்டுமில்லை.

இந்தப் பிழை முக்கியம். நூல் பருவத்தைத் தேதியாகத் தரவில்லை, நாளின் ஒரு பொழுதோடு சேர்த்துத் தருகிறது. கார் என்றால் மாலையில் போய்ப் பார் என்று பொருள். உட்காரும் நேரத்தை மாலை என்று சொன்னதும் அதனால்தான்.

ஆவணி 19

கேட்டவர் எழுதுகிறார்: "13 நாள் ஆயிற்று. காலையில் வெயில், மதியம் புழுக்கம், மாலையில் மேற்கே கறுக்கிறது. நான்கு நாள் மழை, மீதி நாள் ஏமாற்றம். இதுதான் காரா?"

இதுவேதான். பகல் முழுக்கச் சூடேறிய நிலம் ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது, மதியத்துக்குப் பின் மேகம் குவிகிறது, மாலையிலோ முன்னிரவிலோ இடியோடு கொட்டுகிறது. உள் மாவட்டங்களில் இந்த மாதங்களின் மழை பெரும்பாலும் இப்படி மாலையில் வருவதுதான். காரையும் மாலையையும் சேர்த்துச் சொன்னவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதை நிரூபணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏமாற்றத்தையும் எழுதுங்கள். "கறுத்தது, பெய்யவில்லை" என்பது காரின் பாதி.

பெய்த மறுநாள் காலையில் தரையைப் பாருங்கள். செம்மண், புல் கலந்த இடத்தில் சிவப்புப் பட்டுத்துணிக் கிள்ளல் போல ஒன்று ஊரும்: தம்பலப்பூச்சி. சங்கப் பாட்டில் இதற்கு மூதாய் என்று பெயர். பூச்சி என்பது பேச்சுக்குத்தான், காலை எண்ணினால் எட்டு இருக்கும், சிலந்தியின் உறவு. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு உருண்டையாகும். அரை நிமிடம் அசையாமல் இருந்தால் முன்னங்கால் இரண்டு முதலில் வெளியே வரும். வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு முதல் மழைகளுக்கு மட்டும் மேலே வருகிற உயிர். கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைக்காதீர்கள், காய்ந்து செத்துவிடும்.

புரட்டாசி 7

இன்று பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். குச்சி நடும் நாள்.

ஒரு மீட்டர் நீளக் குச்சி, சமதளம், தூக்குக்குண்டு. குச்சி செங்குத்தாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமிருந்து தூக்குக்குண்டு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாகை சாய்ந்தாலே நிழல்நுனி ஒன்றே முக்கால் செ.மீ. தள்ளிப்போகும். காலை 9 முதல் மாலை 3 வரை அரை மணிக்கு ஒருமுறை நிழல்நுனியில் புள்ளி வையுங்கள். இன்று அந்தப் புள்ளிகள் நேர்கோட்டில் விழும், அந்தக் கோடு சுத்தமான கிழக்கு மேற்கு. வேறு நாளில் வைத்தால் வளையும்.

நிழல்நுனி கூர்மையாக இருக்காது. சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு செ.மீ. அளவுக்கு மங்கல் இருக்கும். மங்கலின் நடுவைப் புள்ளியாக வையுங்கள், தினமும் அதே மாதிரி.

இதில் ஆன்மிகம் எங்கே என்று கேட்பீர்கள். கேளுங்கள், பதில் இப்போது கிடையாது. 60 நாள் கணக்கு இன்னும் முடியவில்லை.

ஐப்பசி 4

கேட்டவர்: "பருவமழை தொடங்கியாச்சா இல்லையா என்று செய்தியில் ஒன்று, மாடியில் ஒன்று. எதை நம்ப?"

நூலை நம்புங்கள். ஏட்டை இல்லை, பருத்தி நூலை. ஒரு முழம் நூலை ஆளுயரக் கம்பின் நுனியில் கட்டி, சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். சுவர் ஓரத்தில் கட்டினால் காற்று சுழன்று பொய் சொல்லும். நமக்கு நான்கு காற்றுக்கும் பெயர் உண்டு: வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். ஆனியிலிருந்து கோடை அடித்துக்கொண்டிருந்தது. நூல் சில நாள் எந்தப் பக்கமும் நிலைக்காமல் தடுமாறும், பிறகு ஒரு நாள் கொண்டலுக்கும் வாடைக்கும் நடுவில் நிலைபெறும். தமிழ்நாட்டு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இனிமேல் வருவது.

கடலோரத்தில் இருப்பவர்கள் உட்காரும் நேரத்தை மாற்றுங்கள். வடகிழக்கு மழை அங்கே பின்னிரவிலும் விடியலிலும் வலுக்கும். கூதிருக்கு யாமம் என்று இருப்பதை இதோடு முடிச்சுப்போட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூதிர் குறிஞ்சித் திணைக்கு, அதாவது மலைக்கு உரியது. ஆவணியில் போட்ட முடிச்சே போதும், இதை விட்டுவிடுகிறேன்.

ஐப்பசி 9

சின்னக் குறிப்பு. ஆறுமணிக்குருவி வலசை வரும் நேரம். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், பெயர் அதனால்தான். இரவில் பறந்து களைத்து வீட்டுக்குள், மாடிப்படிக்கடியில் விழுந்து கிடக்கும். எடுத்துக் கொஞ்சாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்துவிட்டு, தேறியதும் அந்தியில் மரமுள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கார்த்திகை 3

60 நாள் தாண்டிவிட்டது. கேட்டவர் ஆறாவது வரி எழுதியிருக்கிறார்: "நான் இல்லாவிட்டாலும் இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்தது. முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு லேசாக இருந்தது."

இதன்மேல் ஏறி உட்கார்ந்து விளக்கம் சொல்லப் போவதில்லை. அடுத்த வேலை: வானம்.

கார்த்திகை விண்மீன்கூட்டம் (அறுமீன்) இப்போது சூரியன் மேற்கே இறங்கும் வேளையில் கிழக்கே எழுகிறது. போன மாதம் இதே தேதியில் இரண்டு மணி நேரம் பிந்தி எழுந்தது. நாளுக்கு 4 நிமிடம் முந்துவதால் மாதத்துக்கு 2 மணி. ஒரு மீன்கூட்டத்துக்கு அருகே முழுநிலா நிற்கும் மாதத்துக்கு அந்த மீனின் பெயர்: கார்த்திகை, சித்திரை, விசாகத்தால் வைகாசி. கார்த்திகை தீபத்தன்று மலையில் விளக்கு ஏறுகிறபோது நிலவும் அறுமீனும் கிழக்கே ஏறுகின்றன. மாதப் பெயர்களே ஒரு வான வரைபடம்தான். அதைச் சம்பளத் தேதிக்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

நகரத்தில் அறுமீன் ஒரு புகைத்திட்டாகத்தான் தெரியும். நேராக முறைக்காமல் சற்றுப் பக்கத்தில் பார்வையை வையுங்கள். விழியின் ஓரம் மங்கல் ஒளியை நன்றாகப் பிடிக்கும், ஆறும் பிரியும். பெரிய தடை மேகம். மழைக்காலத்திலேயே இந்த மாதம் வருவதால் பத்து நாளில் இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும்.

மார்கழி 6

சூரியன் தெற்கெல்லையைத் தொடும் நாள்கள். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் உதயப்புள்ளி சரியான கிழக்கிலிருந்து 24 பாகை அளவு தெற்கே நிற்கிறது. புரட்டாசியில் ஒரு நாளைக்குத் தன் வட்டகலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நகர்ந்தது. இப்போது பத்து நாள் சேர்த்துப் பார்த்தாலும் அந்த அளவு நகராது. நிற்பது போலவே இருக்கும். அடிவானத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியையோ பனைமரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். உதித்து வரும் விளிம்பைத்தான் பார்க்கலாம், முழு வட்டு எழுந்ததும் பார்க்காதீர்கள், கண் போகும்.

பனி பார்க்க: எவர்சில்வர் தட்டை வைத்து ஏமாறாதீர்கள். பளபளப்பான உலோகம் வெப்பத்தைச் சரியாக வெளிவிடாது, குளிராது. கண்ணாடித்துண்டை ஒரு தெர்மாகோல் பலகைமேல் திறந்தவெளியில் வையுங்கள். மரத்தடியில் பனி இறங்காது, இலைக்கூரை வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடும். காற்று அடிக்கும் இரவிலும், மேகம் மூடிய இரவிலும் இறங்காது. இரவு 10 மணிக்கு ஒருமுறை, விடியல் 5 மணிக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். முன்பனி, பின்பனி என்பதை முன்னிரவுப் பனி, பின்னிரவுப் பனி என்று விளக்குவது உண்டு. இப்போது பத்து மணிக்கே கண்ணாடி ஈரமாகும். மாசிக் கடைசியில் விடியலில்தான் ஈரமாகும். இரண்டு மாதம் தொட்டுப் பார்த்தவருக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம் இல்லை.

தை 2

கேட்டவர் மடக்குகிறார்: "மார்கழி 6லேயே சூரியன் திரும்பிவிட்டது என்று குச்சி சொல்கிறது. உத்தராயணம் தை 1 என்று காலண்டர் சொல்கிறது. யார் பொய்?"

யாரும் இல்லை. நம் சூரிய ஆண்டு விண்மீனை ஆதாரமாகக் கொண்டது, பருவ ஆண்டு அதைவிட 20 நிமிடம் சின்னது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் வரும் வித்தியாசம். சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் விலகும். ஏறத்தாழ 1,700 ஆண்டுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. இப்போது 24 நாள் இடைவெளி. அப்படியே விட்டால் பல நூற்றாண்டு கழித்துப் பொங்கல் வேறு பருவத்தில் வரும். அதுவரை கவலைப்பட வேண்டாம், பால் பொங்கும்.

ஆனால் இதனால் ஆவணி 6ல் நான் சொன்ன "முதல் பருவத்தின் முதல் வாரம்" என்பதும் ஆட்டம் காண்கிறது. உரையாசிரியர்கள் காலத்து ஆவணி, சூரியனைப் பொறுத்து இன்றைய ஆவணியைவிடச் சில நாள் முந்தியது. பருவத்தைத் தேதியில் தேடாதே என்பதற்கு இன்னொரு காரணம்.

மாசி 21

வேம்பு கொட்டுகிறது. இலைக் குவியலைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் கிளையைப் பார்ப்பதில்லை. தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்துப் பாருங்கள். மஞ்சளாகிப்போன ஓர் இலைக்காம்பை விரல் நகத்தால் லேசாகத் தள்ளினால் சத்தமில்லாமல் கழன்று வரும். கிழியாது. காம்புக்கும் கிளைக்கும் நடுவில் பிரிக்கும் அடுக்கு ஒன்றை மரமே கட்டி முடித்திருக்கிறது. கழன்ற இடத்தில் வெளிறிய தழும்பு. தழும்புக்கு மேலே, காம்பு ஒட்டியிருந்த கக்கத்தில், கடுகைவிடச் சிறிய மொட்டு. இலை விழுந்தபின் வந்ததல்ல, இலை பச்சையாக இருந்தபோதே அங்கே இருந்தது. சில நாளில் அதிலிருந்து செம்புநிறத் தளிர் வரும். பச்சையம் நிறைவதற்கு முன் சிவப்பு நிறமி மேலோங்கியிருப்பதால் அந்த நிறம்.

குழாயடி வேம்பு, சாக்கடை ஓர வேம்பு சரியாகக் கொட்டாது. வேருக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருந்தால் மரத்துக்குக் கோடை வருவது தெரியாது. உங்கள் மரம் "தப்பாக" நடந்தால் முதலில் தண்ணீர்க் குழாயைத் தேடுங்கள்.

மாசி 22

நேற்றைய மொட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் தனிச்செய்தியில், வீட்டில் ஒரு சாவு, அந்த மொட்டு ஆறுதலாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். ஆறுதல் கிடைத்தால் நல்லது, அதைப் பிடுங்கும் உத்தேசமில்லை. ஆனால் யாரும் இதை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போய் "மரம் துளிர்க்கிறதே" என்று சொல்லாதீர்கள். துளிர்ப்பது மரம், விழுந்த இலை இல்லை. விழுந்தது குப்பையில்தான் இருக்கிறது. பருவம் திரும்பி வரும், ஆள் வரமாட்டார். இயற்கையில் பொருள் தேடுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது: சுழலும் ஒன்றைக் காட்டிச் சுழலாத ஒன்றுக்குச் சமாதானம் சொல்வது.

பங்குனி 27

கேட்டவர்: "கொன்றை இப்போதே மொட்டு விட்டிருக்கிறது. பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூ. பருவம் தப்பிவிட்டதா?"

இன்றைய சரக்கொன்றை வெயிலில்தான் குலுங்கும், பெரும்பாலும் சித்திரை, வைகாசியில். மழைக்குப்பின் சில மரங்களில் மறுபடி கொஞ்சம் வரும். சங்கப் பாட்டு அதைக் காரோடு சேர்க்கிறது. இந்த இடைவெளிக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. ஆனால் குறுந்தொகை 66ஆம் பாட்டு இந்தக் கேள்வியையே கையாள்கிறது. கார் வந்ததும் வருவேன் என்று போனவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சொல்கிறாள்: இது கார் இல்லை, காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது இந்த அறிவில்லாத மரம்.

மரத்துக்கு அறிவு குறைவா, தோழி அன்பினால் பொய் சொல்கிறாளா? படித்தவர்கள் பலர் இரண்டாவது என்பார்கள். பருவம் பார்ப்பவருக்கும் இந்தத் தோழி உள்ளே உண்டு. நோட்டில் இருப்பது பிடிக்காவிட்டால் "இது கணக்கில் வராது" என்று ஒதுக்கச் சொல்வாள். மழை ஐப்பசியில் பிந்தினால், வேம்பு தையிலேயே கொட்டினால், நடந்ததை அப்படியே எழுதுங்கள். பருவம் நிலையானது என்ற நம்பிக்கையில் பக்தியைக் கட்டினால், வருடம் ஒருமுறை அது இடியும். பருவம் மாறிப்போனாலும் உட்காருவது என்றால் இடியாது.

சித்திரை 11

சென்னைக்காரர்களுக்கு: இன்று பகல் 12 மணி 7 நிமிட வாக்கில் குச்சிக்கு நிழல் இருக்காது. மதுரையில் ஒரு வாரம் முன்பே முடிந்தது, கன்னியாகுமரியில் பங்குனிக் கடைசியிலேயே. நாளையிலிருந்து சென்னையில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும். இதை அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களே கவனித்திருக்க மாட்டார்கள்.

இலை உதிர்வைக் காட்டித் தத்துவம் பேசும் குளிர்நாடுகளில், ஐரோப்பா முழுக்கவே, குச்சி எந்த நாளிலும் நிழலை விடாது. இரவல் பக்தி என்று கேட்டீர்களே, இது அவர்கள் நம்மிடம் கடன் வாங்கினாலும் கிடைக்காது.

ஆனி 7

ஒரு மீட்டர் குச்சி, சென்னை, நடுப்பகல்: தெற்கே 18 செ.மீ. மார்கழியில் வடக்கே 74 இருந்திருக்கும். வேறு ஒன்றும் இல்லை. வெயில்.

ஆடி 18

பெருக்கு. இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமல் காவிரி நிறைவதுதான் இந்த நாளின் விசேஷம். மழை குடகு மலையில். எங்கோ பெய்ததற்கு இங்கே நன்றி சொல்வது நல்ல பழக்கம்தான். மேட்டூர் அணை 1934ல் வந்தபின் மதகையும் கேட்டுத்தான் பெருக்கு வருகிறது என்பதைப் பக்தியில் சேர்ப்பதா, நிர்வாகத்தில் சேர்ப்பதா என்று கேட்டவர் முடிவு செய்யட்டும்.

ஆடி 31

கேட்டவர்: "நோட்டு முடியப் போகிறது. இரண்டாவது நோட்டு வாங்கினால் என்ன மாற்ற வேண்டும்?"

இடத்தை மாற்றாதீர்கள். நேரத்தையும். இடதுபக்கம் போன வருடத்து அதே நாளின் ஐந்து வரியை எழுதிக்கொண்டு வலதுபக்கம் இந்த வருடத்தை எழுதுங்கள். இடது பக்கத்தை முன்கூட்டியே மாதம் முழுக்க எழுதி வைக்காதீர்கள், அன்றன்று எழுதுங்கள். இல்லாவிட்டால் வேம்பைப் பார்க்காமல் நோட்டைப் பார்ப்பீர்கள்.

போன ஆவணி 6ல் நீங்கள் கேட்டபோது, வருடத்தில் இரண்டாம் முறை குச்சி நிழலை விடும் நாள் நான்கு நாள் முன்பே முடிந்திருந்தது. இந்த முறை தவறவிடாதீர்கள்: நாளை மறுநாள், சென்னை, 12 மணி 13 நிமிட வாக்கில். மேகம் இருக்கலாம். தூக்குக்குண்டை மறக்காதீர்கள், வருடம் முழுக்க நின்ற குச்சி சாய்ந்திருக்கும்.